ஒன்பதாம் எண் பணியிடம்

மார்ச் 1

அன்புள்ள ரிஜிஸ்டருக்கு,

காட்டு ஆய்வு முகாமுக்கு வந்து சேர்ந்தேன். பஸ், ஜீப், அப்புறம் ஒன்றரை மணி நேரம் நடை. இங்கே டவர் கிடையாது. வாரம் ஒரு முறை சாமான் வாங்கப் போகிற வண்டியில்தான் கடிதம் போகும், வரும்.

பஸ் ஸ்டாண்டில் கழுத்து சுளுக்கும் வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரம்மாவை வழியனுப்ப பதினோரு பேர். எனக்கு ஒரு ஈ, காக்கை இல்லை, கட்டிய புருஷன்கூட இல்லை. மூன்று மாதம் என்று சொல்லிவிட்டு, கிளம்புவதற்கு முதல் நாள் "ஒன்பது மாசங்க" என்று சொன்னது தப்புதான். முன்னாலேயே சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா? அதைச் சொல்லுங்கள்.

இருபத்தாறு வருஷமாக ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். ஒரு குளவிக் கூட்டில் பாதி ஓடியாடி வேலை செய்கிறது, மீதிப் பாதி சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஏன்? கூட இருந்தவர்களெல்லாம் பூச்சியைக் கொல்ல வழி கண்டுபிடித்து மேலே போனார்கள். நான் பூச்சியை வேடிக்கை பார்த்து, கால் ஆடுகிற அதே நாற்காலியில் இருக்கிறேன். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர் இன்று இயக்குநர். "மேடம், சோம்பேறிக்கெல்லாம் விளக்கம் தேவையா?" என்று சிரிக்கிறார். இன்னும் இரண்டு வருஷத்தில் எனக்கு ஓய்வு. செப்டம்பர் மாநாட்டில் பேச இப்போதுதான் முதல்முறையாக இடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் கோட்டை விட்டால் அவ்வளவுதான், என் கேள்வியும் என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிடும்.

காட்டுக் கூடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். நம் வீட்டு சமையலறை ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழே இருக்கும் கூட்டை நீங்கள் பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு என் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம். மாலை நாலுக்கு ஒரு மணி நேரம். இருபத்து நாலு குளவிக்கும் எண்ணும் நிறமும் எழுதி ஜன்னல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். விடியற்காலைக் குளிரில் அவை மரத்துப்போய் இருக்கும்போது ஈர்க்குச்சி முனையால் முதுகில் பெயிண்ட் புள்ளி வையுங்கள். புதிதாகப் பிறப்பவற்றுக்கு வெள்ளை டப்பா இருக்கிறது. மற்றதெல்லாம் உங்கள் ஆபீஸில் செய்கிற மாதிரியே செய்யுங்கள். ஆபீஸ் ரிஜிஸ்டரோடே வாழ்ந்த உங்களுக்குப் போய் நான் ஒழுங்கு சொல்லித் தரவா?

ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஈஸிசேரில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கோபமாக இருக்கும்
உங்கள் குளவி டாக்டர்

மார்ச் 13

பொருள்: வீடு – சமையலறை ஜன்னல் – குளவிக் கூடு – முதல் வார அறிக்கை அனுப்புதல் – தொடர்பாக.
பார்வை: தங்களின் 1-3 தேதியிட்ட கடிதம்.

பார்வையில் கண்ட கடிதத்தில், நான் பேருந்து நிலையத்துக்கு வராததற்கு விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. பேருந்து புறப்பட்ட நேரம் காலை எட்டு மணி. கூட்டைப் பார்க்க வேண்டிய நேரமும் காலை எட்டு மணி. இந்த உத்தரவு கிளம்புவதற்கு முன்பே வாய்மொழியாக எனக்கு வழங்கப்பட்டது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க எந்த விதியிலும் இடமில்லை.

இருபத்து நாலு குளவிகளும் 5-3 அன்று முறைப்படி எண் பெற்றன. அட்டவணை இணைப்பில் காண்க.

அலுவல் முடிந்தது. இனி வீட்டு விஷயம்.

என்னை நான்கு குளவி கொட்டியது. மூன்றாம் எண் இரண்டு முறை. இடது காது இப்போது வடை அளவில் இருக்கிறது. அக்கா ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்தாள். வந்த அன்றே ஜன்னலைத் திறந்து, "என்னடா இது, பொண்டாட்டி ஊருக்குப் போனா கூடவே இதையும் அனுப்ப வேண்டியதுதானே?" என்று கேட்டாள். கேட்டு வாயை மூடுவதற்குள் மூக்கு நுனியில் ஒரு போடு. இப்போது வேப்பிலைப் புகை போட்டே தீருவேன் என்று நிற்கிறாள். ஜன்னல் கதவில் "அனுமதியின்றி நுழையக் கூடாது" என்று எழுதி ஒட்டி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். முப்பத்து நாலு வருஷம் ஊழியர், பதவி, பணிப்பதிவேடு பார்க்கிற பணியமைப்புப் பிரிவில் இருந்தவன் கையெழுத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

ஈஸிசேர் பற்றிய வரியைப் படித்தேன். பதில் சொல்ல விருப்பமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்
(குளவிக் கூடு, கூடுதல் பொறுப்பு)

ஏப்ரல் 22

அன்புள்ள ரிஜிஸ்டருக்கு,

உங்கள் காதுக்கு என் வருத்தம். மூன்றாம் எண்ணிடமும் சொல்லிவிடுங்கள்.

ஐந்து வார அட்டவணையும் ஒரே கட்டாக வந்தது. பிரித்துத் தாள் தாளாகப் புரட்டிப் பார்த்தேன். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ மாணவர்கள் எனக்குக் கணக்கெடுத்துத் தந்திருக்கிறார்கள். இப்படி ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத தாளை நான் பார்த்ததே இல்லை. ஒன்பதாம் எண்ணைப் பற்றி ஓரத்தில் எழுதியிருந்தீர்களே: "கூட்டின் இடது ஓரத்தில் காவல். எறும்பு வந்தால் இறக்கையால் விசிறி விரட்டுகிறது. நேரம் தவறுவதில்லை. நல்ல ஊழியர்." வாய்விட்டுச் சிரித்தேன். இங்கே சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு விஷயம்தான் புரியவில்லை. இங்கே காட்டுக் கூட்டில் நான் புள்ளி வைத்தவை பாதிக்கு மேல் செத்துவிட்டன. வேலைக்காரக் குளவி ஒரு மாதம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மாதம். நம் வீட்டில் இருபத்து நாலும் இருக்கிறதே! என்ன போட்டு வளர்க்கிறீர்கள்?

கு. டா.

மே 3

டாக்டரம்மாவுக்கு,

எதுவும் போட்டு வளர்க்கவில்லை. நேரத்துக்குக் கவனித்தால் எந்த அலுவலகமும் ஓடும்.

அட்டவணையைப் பாராட்டி எழுதியிருந்தாய். அக்காவிடம் படித்துக் காட்டினேன். "இத்தனை வருஷத்துல உன்னைப் பாராட்டி ஒரு வரி எழுத அவளுக்குக் குளவி வேண்டியிருந்திருக்கு பாரு" என்றாள். மூக்கு இறங்கிவிட்டது, வாய் இறங்கவில்லை. ஒரு வாரத்துக்கு வந்தவள் இன்னும் இருக்கிறாள். சாயங்காலம் நாலு மணி ஆனால் எனக்கு முன்னால் ஜன்னலுக்குப் போய், "டேய், உன் ஒன்பது இன்னைக்கு உம்முனு இருக்கு" என்று செய்தி வாசிக்கிறாள்.

ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது பழைய ஞாபகம் வந்தது. நீ முதல்முதலாக என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றது, பணிப்பதிவேட்டில் உன் பதவியைப் பூச்சி மருந்து உதவியாளர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள் என்று சண்டை போடத்தானே? "நான் பூச்சியைக் கொல்ற ஆள் இல்ல சார், பார்க்கிற ஆள்!" என்று கத்தினாய். பிரிவே எழுந்து நின்று பார்த்தது. அந்தத் திருத்தத்தை நான் சிவப்பு மையில் போட்டேன். விதிப்படி நீல மைதான் போட வேண்டும். என் வாழ்க்கையில் செய்த ஒரே முறைகேடு அது.

ரிஜிஸ்டர்

ஜூன் 20

என்னங்க,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உங்கள் அட்டவணைப்படி இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஒன்பதாம் எண்ணுக்கு நூறாவது நாள். ஒன்பது மட்டுமில்லை, இருபத்து நாலுமே! நான் முதலில் நம்பவில்லை. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். வேறு யார் எழுதியிருந்தாலும் "போய்யா" என்று தூக்கிப் போட்டிருப்பேன். உங்கள் கையில் தப்பு வராது என்பது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், சும்மா உட்கார்ந்திருப்பவை இருப்பதால்தான் வேலை செய்பவற்றுக்கு ஓய்வு கிடைக்கிறது, ஆயுசு நீள்கிறது. காட்டில் எதிரி அதிகம், அதனால் அது நமக்குத் தெரியாமல் போகிறது. வீட்டில் தெரிகிறது. இருபத்தாறு வருஷக் கேள்விக்கு நம் சமையலறை ஜன்னலில் பதில்!

இயக்குநருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். பதில் வந்துவிட்டது. மாநாட்டில் மூலையில் பத்து நிமிஷம் கொடுத்திருந்தவர்கள், இப்போது முதல் நாள் முதல் பேச்சே என்னுடையது என்கிறார்கள். காலில் செருப்பு இல்லாமல் முகாமை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தேன். ஐம்பத்தாறு வயசில்!

ஒன்பதாம் எண்ணைப் பெரிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். மேடையில் காட்ட வேண்டும். நூறு நாள் வாழ்ந்த முகத்தை எல்லோரும் பார்க்கட்டும்.

உங்கள் குளவி டாக்டர்

ஜூலை 14

டாக்டரம்மாவுக்கு,

முதல் பேச்சு என்று கேட்டதும் அக்கா தெருவுக்கே சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒன்பதாம் எண் நூறு நாள் இருப்பதில் என்ன அதிசயம் என்று விளங்கவில்லை. ஒன்பதாம் எண் இல்லாமல் எங்கே போகும்?

போட்டோ விஷயத்தில் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. எந்த ஒன்பதை எடுக்க? முதலாவது ஏப்ரல் 15 அன்று காலமானது. இரண்டாவது மே 25 அன்று. மூன்றாவது, நல்ல உழைப்பாளி, போன வாரம்தான் போனது. தற்போது பணியில் இருப்பது நான்காவது. சேர்ந்து நான்கு நாள்தான் ஆகிறது, இன்னும் பிடிபடவில்லை. மூன்றாவதை ஒரு தீப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுமானால் அதை எடுத்து அனுப்பட்டுமா?

ரிஜிஸ்டர்

ஜூலை 23

என்னங்க,

வண்டி கிளம்பப் போகிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

செத்துப்போன குளவியின் எண்ணை வேறு குளவிக்கு வைத்தீர்களா? இருபத்து நாலுக்கும் இதே கதைதானா? யாரைக் கேட்டு வைத்தீர்கள்? ஏப்ரலில் ஒன்பது "இரண்டு நாள் வரவில்லை" என்று எழுதியிருந்தீர்களே, அது செத்துப்போனதா? நான் அது வெளியூர் போயிருக்கிறது என்று நினைத்தேன்! குளவிக்கு என்ன வெளியூர் என்று எனக்கும் தோன்றவில்லையே, என்னைச் சொல்ல வேண்டும்!

தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். மாநாட்டு அழைப்பிதழே அச்சாகிவிட்டது. "மேடம், சாகாத குளவி எப்படி இருக்கு?" என்று அந்த இயக்குநர் கேட்பதை இப்போதே காதில் கேட்கிறேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு முறை மேடை கிடைத்தது. ஒரு முறை.

பதில் எழுத வேண்டாம்.

ஜூலை 31

பொருள்: கூடுதல் பொறுப்பிலிருந்து விலகல் – தொடர்பாக.

பதில் எழுத வேண்டாம் என்று உத்தரவு. இது பதில் அல்ல, விளக்கம்.

1-3 தேதியிட்ட தங்கள் கடிதத்தில் "மற்றதெல்லாம் உங்கள் ஆபீஸில் செய்கிற மாதிரியே செய்யுங்கள்" என்று உள்ளது. ஜன்னலில் ஒட்டிய தாளில் இருந்தவை இருபத்து நாலு எண்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் இருபத்து நாலு என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆபீஸில் ஆள் போவார், வருவார். இடம் போகாது. எண் இடத்துக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல. முப்பத்து நாலு வருஷம் அப்படித்தான் செய்தேன்.

ஆனால் கண்டபடி யாருக்கும் எண் கொடுக்கவில்லை. அந்தப் பழியை மட்டும் ஏற்க மாட்டேன். புதிதாகப் பிறந்தவற்றுக்கு முதுகில் இடம் மாற்றி மாற்றி வெள்ளைப் புள்ளி வைத்து, வெள்ளை-1, வெள்ளை-2 என்று காத்திருப்போர் பட்டியலில் சேர்த்தேன். காலி விழுந்தால் உடனே நிரப்பவில்லை. அந்த வேலையை எது தானாக எடுத்துச் செய்கிறது என்று பார்த்து, உறுதியான பிறகே நிறத்தைக் கொடுத்தேன். எல்லாம் தனி நோட்டில் இருக்கிறது. தற்காலிகப் பணியாளர் விவரத்தை வார அறிக்கையில் சேர்ப்பது வழக்கமில்லை என்பதால் அனுப்பவில்லை. இப்போது இணைத்துள்ளேன்.

ஸ்டூலைத் துடைத்து உன் அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அக்காவும் இரண்டு நாளாகத் திட்டித் தீர்க்கிறாள். "அவ ஒருத்தி கேட்ட ஒரே உதவி, அதையும் பைலாக்கிட்டியே" என்கிறாள்.

பேருந்து நிலையத்துக்கு நான் வராததற்குக் காரணம் எட்டு மணி அல்ல. கோபம். வீட்டில் உட்கார்ந்துகொண்டு பஸ் கிளம்பியிருக்கும், கிளம்பியிருக்கும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலை அட்டவணையில் எட்டு முதல் எட்டே கால் வரை காலியாக இருக்கும். நீ கவனித்திருக்க மாட்டாய்.

என்னை மன்னித்துவிடு.

ஆகஸ்ட் 11

என்னங்க, என்னங்க, என்னங்க,

அந்த நோட்டை நான் அடுப்பில் போடுவதாகத்தான் இருந்தேன். போடுவதற்கு முன்னால் ஒரு பக்கம் படித்தேன். அப்புறம் சாப்பிடக்கூடப் போகவில்லை.

நீங்கள் எழுதியதையே உங்களுக்கு எழுதுகிறேன், கேளுங்கள்: "9ஆம் பணியிடம். முதலாமவர் காலமானார். இரண்டு நாள் காலி. மூன்றாம் நாள் வெள்ளை-6 பொறுப்பேற்றது. வெள்ளை-6 பிறந்தது முதல் வேறெந்த வேலையும் செய்ததில்லை. 9க்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது." அடுத்தது: "14ஆம் பணியிடம், கூடு கட்டுதல். காலி. வெள்ளை-11 பொறுப்பேற்றது. இதுவும் 14க்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது." பக்கம் பக்கமாக இதேதான்!

ஐம்பத்தெட்டு காலியிடம். நான் எண்ணினேன். அதில் ஐம்பத்தொரு முறை, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்ததே அந்த வேலையை எடுத்திருக்கிறது. ஆறு முறை வேறு ஏதோ வந்திருக்கிறது. அதில் ஒன்றுக்கு நீங்கள் "மேலிடத்து சிபாரிசாக இருக்கலாம்" என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். ஒரு முறை, "மளிகைக் கடைக்குப் போயிருந்தேன், பார்க்கவில்லை." எந்த விஞ்ஞானிக்கு இந்த நேர்மை வரும்?

நான் இத்தனை வருஷம் ஒவ்வொரு குளவியையும் தனித்தனி ஆளாகப் பார்த்தேன். செத்தால் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். அதன் இடத்துக்கு யார் வருகிறார்கள் என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இடத்தைப் பார்க்க ஒரு பணியமைப்புப் பிரிவு ஆள் வேண்டியிருந்தது. அவை சோம்பேறிகளே இல்லைங்க. பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன!

ஸ்டூலை உடனே எடுத்து ஜன்னலுக்குப் போடுங்கள். விலகல் ஏற்கப்படவில்லை. அக்காவிடம் சொல்லுங்கள், மளிகைக்கு இனி அவர்கள்தான் போக வேண்டும்.

செப்டம்பர் 19

அன்புள்ள ரிஜிஸ்டருக்கு,

பேசிவிட்டேன். முதலில் நூறு நாள் என்று எழுதியது பெரிய தப்பு என்று மேடையிலேயே ஒத்துக்கொண்டேன். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் இயக்குநர் சிரித்தது எனக்குத் தனியாகக் கேட்டது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, தப்பு எப்படி நடந்தது என்று சொல்லி, உங்கள் நோட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஐந்தாவது பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் எழுந்து நின்றார்கள். இயக்குநர் கொஞ்சம் தாமதமாக எழுந்தார், ஆனாலும் எழுந்தார்.

"யார் எடுத்த குறிப்பு இது, உங்க மாணவரா?" என்று ஒரு பெரிய மனுஷி கேட்டார். "இல்ல, எங்க வீட்டுக்காரர்" என்றேன். கட்டுரையில் உங்கள் பெயரும் வருகிறது. யார் பெயர் முதலில் என்று பணிமூப்பு விதியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

இன்னொன்று. இந்தக் காட்டு முகாமிலேயே மூன்று வருஷம் பொறுப்பில் இருக்கச் சொல்கிறார்கள். தனி ஆய்வகம், கால் ஆடாத நாற்காலி. ஓய்வு வயசுகூட ஒரு வருஷம் தள்ளும். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களிடம் இந்த முறை முன்னாலேயே சொல்கிறேன்.

கு. டா.

அக்டோபர் 2

டாக்டரம்மாவுக்கு,

எழுந்து நின்றார்கள் என்ற வரியை அக்கா நான்கு முறை படிக்கச் சொன்னாள். நான்காவது முறை தாளைப் பிடுங்கி அவளே படித்துக்கொண்டாள்.

மூன்று வருஷம் பற்றிக் கேட்டிருக்கிறாய். போகாதே என்று நான் எழுத மாட்டேன். அந்த நாற்காலிக்கு நீ எத்தனை வருஷம் காத்திருந்தாய் என்று உன் பதிவேட்டைப் பார்த்தே எனக்குத் தெரியும்.

என் பங்குக்கு ஒரு விவரம் மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டிலும் ஒரு பணியிடம் மார்ச் முதல் காலியாக இருக்கிறது. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம், வீட்டில் இருந்த நேரமெல்லாம் உன் பக்கத்தில் ஈஸிசேரில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு ஆள், நீ போன காலையிலேயே, கால் மணி நேரம் தாமதமாக, உன் ஸ்டூலில் உட்கார்ந்து உன் வேலையை எடுத்துக்கொண்டது. உன் ஆராய்ச்சிக்கு அது ஐம்பத்திரண்டாவது ஆதாரமாக இருக்கலாம். ஆனால் அந்த ஆளுக்கு உன் நிறத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொடுக்கப்போவதும் இல்லை. அந்த ஒரு இடம் மட்டும் ஆளுக்குச் சொந்தம்.

பணியேற்பு அறிக்கைப் படிவம் ஒன்று இணைத்துள்ளேன். தேதி நிரப்பவில்லை. நீ எப்போது நிரப்பினாலும், நிரப்பாவிட்டாலும், கூடு நல்லபடியாக இருக்கும்.

ரிஜிஸ்டர்

அக்டோபர் 13

பொருள்: பணியேற்பு அறிக்கை அளித்தல் – தொடர்பாக.
பார்வை: தங்களின் 2-10 தேதியிட்ட கடிதம்.

மூன்று வருஷப் பொறுப்பை ஏற்க இயலாது என்றும், இங்கே பார்க்க வேண்டியதைச் சமையலறை ஜன்னலிலிருந்தே பார்த்துக்கொள்ள முடியும் என்றும், அதற்கு அனுபவமுள்ள ஆள் ஒருவர் ஏற்கனவே பணியில் இருக்கிறார் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாற்காலியை மட்டும் தருவீர்களா என்று கேட்டிருக்கிறேன். யோசிக்கிறார்கள்.

நான் டிசம்பர் 3 அன்று முற்பகல் பணியில் சேர்கிறேன். படிவத்தைச் சிவப்பு மையில் நிரப்பியிருக்கிறேன், கண்டுகொள்ளாதீர்கள். இரண்டாவதாக ஒரு ஸ்டூல் வாங்கி வையுங்கள். என்னுடையதை நீங்கள் திருப்பித் தர மாட்டீர்கள் என்று அக்கா தனியாக எனக்குத் தகவல் அனுப்பிவிட்டார்கள்.

பஸ் வந்து சேரும் நேரம் காலை எட்டு மணி. அன்று ஒரு நாள் குளவிகளை அக்கா பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள்.